முக்காற்புள்ளிக்கு இடமில்லை

கடந்த ஆண்டு தீபாவளி கழிந்த வாரம் அது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே அப்பா கேட்டார்.

“ஐயா, பாட்டியோட சும்பா கடிதம் உன் கம்ப்யூட்டர்லதானே இருக்கு? எடுத்துக் கொடு. வெள்ளிக்கிழமை கொண்டு போகணும்.”

“இருக்குப்பா. பத்து நிமிஷம்” என்றேன்.

மூன்று இரவுகள் ஆயின.

‘சும்பா’ மலாய்ச் சொல். சத்தியம் என்று பொருள். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட்டு வாங்கும் கடிதத்தை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். பாட்டிக்கு அது ஏன் தேவைப்பட்டது என்றால், அவர் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்தது. பிறப்புப் பத்திரத்தில் கடைசியில் இரட்டை ‘இ’. அடையாள அட்டையில் ‘ஐ’. வீட்டுப் பத்திரத்தில் ‘ஒய்’, நடுவில் ஒரு ‘எச்’ வேறு. தமிழில் எழுதினால் ஒரே பெயர். ரோமன் எழுத்தில் மூன்று பெண்கள். அந்த மூன்று பேரும் நான் ஒருத்திதான் என்று 2019-இல் பாட்டி சத்தியம் செய்து, கைநாட்டு வைத்திருந்தார். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். விடுமுறைக்கு வந்தபோது அதை ஸ்கேன் செய்தது நான்தான்.

2023 மார்ச்சில் ஜொகூரில் வெள்ளம் வந்தபோது பாட்டியின் தகரப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அசல் போய்விட்டது. அடுத்த ஆண்டு பாட்டியும் போய்விட்டார். இப்போது வீட்டை அப்பா பெயருக்கு மாற்ற வேண்டும். ‘நகலாவது இருந்தால் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்’ என்று ஓர் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சத்தியம் செய்தவர் இல்லாத வீட்டில், அவர் சத்தியம் செய்தார் என்பதற்கு ஒரே சாட்சி என் மடிக்கணினிக்குள் எங்கேயோ கிடந்தது.

எங்கே? அதுதான் தெரியவில்லை. என் டெஸ்க்டாப்பின் பின்னணிப் படம் என்னவென்று எனக்கே மறந்து போயிருந்தது, அவ்வளவு ஐக்கான்கள். பதிவிறக்கிய பிடிஎஃப்கள், சம்பளச் சீட்டுகள், பாதி படித்த மின்னூல்கள், வாட்ஸ்அப்பில் வந்தவை. நடுவில் ‘டெஸ்க்டாப் லாமா’ என்றொரு ஃபோல்டர். லாமா என்றால் மலாயில் பழையது. மடிக்கணினி மாற்றியபோது பழைய குப்பையை அப்படியே அள்ளி அதற்குள் போட்டிருந்தேன். அதற்குள் இன்னொரு ‘டெஸ்க்டாப் லாமா’. அதற்குள் புதிய ஃபோல்டர், புதிய ஃபோல்டர் (2), புதிய ஃபோல்டர் (3). பிடிஎஃப் மட்டும் எண்ணிப் பார்த்தேன். 1,143.

இத்தனைக்கும் நான் பொறியாளன். மூவார், தளவாடத் தொழிலுக்குப் பேர் போன ஊர். அப்படி ஒரு தொழிற்சாலையில்தான் எனக்கு வேலை. ஒரு நாற்காலிக் காலின் வரைபடத்துக்குக்கூட எண், திருத்த எழுத்து, தேதி எல்லாம் உண்டு. திருத்த எழுத்து போடாத ஒரு கோப்பு இயந்திரத்துக்குப் போய் 200 கால்கள் 15 மில்லிமீட்டர் கட்டையாக வெட்டப்பட்டு வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாற்காலிக் காலுக்குக் கொடுத்த மரியாதையைப் பாட்டியின் சத்தியத்துக்கு நான் கொடுக்கவில்லை.

அந்த மூன்று இரவுகளில் தேடியதைவிட யோசித்ததுதான் அதிகம். மனிதர்கள் இதையெல்லாம் முன்பு எப்படி அடுக்கினார்கள்? நான் ஏன் இப்படி ஆனேன்?

*

முதலில் அந்தச் சொல். கோப்பு. கோத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பூவைக் கோப்பதுபோல, மணியைக் கோப்பதுபோல, தாளைக் கோத்து வைப்பது. ஆங்கிலத்தின் ‘ஃபைல்’ என்ற சொல்லுக்கும் இதே கதை என்று தெரிந்தபோது வியப்பாக இருந்தது. லத்தீனில் ‘ஃபீலும்’ என்றால் நூல், இழை. ஐரோப்பாவில் பத்திரங்களை இழையிலோ கம்பியிலோ குத்திக் கோத்து வைத்தார்கள். அந்த இழையின் பெயரே பிறகு கோப்புக்கு ஆகிவிட்டது. நம்மிடம் ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்துச் சுவடி கட்டினார்கள். ‘நூல்’ என்ற சொல்லே புத்தகத்துக்கும் இழைக்கும் பொது. மளிகைக் கடைகளில் வளைந்த கம்பியில் பில் குத்தி வைத்திருப்பார்களே, அதுவும் இதே வம்சம்தான்.

கோப்பதில் ஒரு வசதி உண்டு. வரிசை மாறாது. முதலில் வந்தது அடியில், கடைசியில் வந்தது மேலே. ஆனால் நடுவில் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

இரண்டாவது சொல், டெஸ்க்டாப். மேசையின் மேற்பரப்பு. கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1973-இல் ‘ஆல்ட்டோ’ என்ற கணினியை உருவாக்கினார்கள். திரையை ஒரு மேசையாகப் பாவிக்கலாம் என்ற யோசனை அந்த ஆய்வகத்தில்தான் வளர்ந்தது. 1981-இல் ஜெராக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஸ்டார்’ கணினியில் தாள், உறை, கோப்பு அலமாரி, கடிதக்கூடை எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக வந்துவிட்டன. 1984-இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ், 1995-இல் விண்டோஸ் 95. அந்த மேசை உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அது யாருடைய மேசை? அமெரிக்க அலுவலக ஊழியர் ஒருவருடைய மேசை. ஃபோல்டர் ஐக்கானைக் கவனியுங்கள். மஞ்சள் நிற அட்டை உறை, ஓரத்தில் பெயர் எழுத ஒரு நாக்கு. எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் அப்படி ஓர் உறையும் இருந்ததில்லை, அதை வைக்க ஒரு மேசையும் இருந்ததில்லை. பாட்டியிடம் இருந்தது ஒரு தகரப் பெட்டி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்தத் தாள் எது என்று மடிப்பைத் தொட்டுப் பார்த்தே சொல்வார். நாலாக மடித்தது தாத்தாவின் இறப்புப் பத்திரம். சிவப்பு நூல் சுற்றியது வீட்டுத் தாள். பிளாஸ்டிக் பையில் இருப்பது அப்பாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்.

அந்த அமெரிக்க மேசை ஒரு விதியையும் சேர்த்தே கொண்டுவந்தது. காகிதம் ஒன்று என்றால் உறையும் ஒன்று. பாட்டியின் சத்தியக் கடிதத்தை ‘பாட்டி’ என்ற உறையில் போடுவதா, ‘வீடு’ என்ற உறையிலா, ‘ஸ்கேன்’ என்ற உறையிலா? காகிதத்துக்கு அந்தக் கேள்வி நியாயமானது. அது ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. கணினிக் கோப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் காகிதத்தின் கஷ்டத்தைக் கணினிக்கும் கொடுத்துவிட்டார்கள். எந்த உறையில் போடுவது என்று தெரியாமல் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்துபோகிற என்னைப் போன்ற ஆள்களின் டெஸ்க்டாப் இப்படித்தான் நிரம்புகிறது.

*

இரண்டாவது இரவு தேடி அலுத்துப்போய், திரையில் கிடந்த ஒரு மின்னூலைத் திறந்தேன். அகநானூறு. பல்கலைக்கழக நாளில் இறக்கியது. புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் எப்போதோ படித்து மறந்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது.

அகநானூற்றில் 400 பாடல்கள். எண் ஒற்றைப்படை என்றால் பாலை. 1, 3, 5, 7, 9 எல்லாம் பாலை. எண் 2-இலோ 8-இலோ முடிந்தால் குறிஞ்சி. 4-இல் முடிந்தால் முல்லை. 6-இல் முடிந்தால் மருதம். 10, 20, 30 என்று முடிந்தால் நெய்தல். பாடலைப் படிக்கவே வேண்டாம். 274 என்றால் முல்லை, 310 என்றால் நெய்தல். ஒரு பத்துக்குள் பாலை ஐந்து, குறிஞ்சி இரண்டு, மற்றவை ஒவ்வொன்று. ஆகப் பாலை 200, குறிஞ்சி 80, முல்லை, மருதம், நெய்தல் தலா 40.

இதைத் தொகுத்தவர் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்றும், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்றும் சொல்கிறார்கள். தொகுப்பை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் 120 பாடல்கள் களிற்றியானைநிரை, அடுத்த 180 மணிமிடைபவளம், கடைசி 100 நித்திலக்கோவை. பாருங்கள், இங்கேயும் ‘கோவை’. முத்தைக் கோத்தது.

இதைப் பள்ளியில் ஒரு வினோதத் தகவலாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றிரவு எனக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. இது ஒரு கோப்புப் பெயரிடும் முறை. ஐங்குறுநூற்றில் செய்ததுபோல ஒரு திணைக்கு நூறு பாடல் என்று ஐந்து உறைகளில் போட்டிருக்கலாம். அகநானூற்றைத் தொகுத்தவர் அப்படிச் செய்யவில்லை. பாடல்கள் கலந்தே இருக்கின்றன. படிப்பவருக்கு ஒரே நிலத்தில் நூறு பாடல் நடக்கிற அலுப்பு இல்லை. வேண்டும்போது ஒரு திணையை மட்டும் பிரித்தும் எடுக்கலாம். பிரிக்கிற சாவி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று. குறுந்தொகை நான்கு முதல் எட்டு அடிப் பாடல்கள். நற்றிணை ஒன்பது முதல் பன்னிரண்டு. அகநானூறு பதின்மூன்று முதல் முப்பத்தொன்று. மூன்றும் அகப்பாடல்கள்தான். பிரித்தது அடி எண்ணிக்கையை வைத்து. கணினியில் ‘அளவு வாரியாக அடுக்கு’ என்று ஒரு வசதி இருக்கிறதே, அதேதான். பொருளை வைத்து ஒரு முறை, நீளத்தை வைத்து ஒரு முறை. ஒவ்வொரு பாடலுக்கும் கீழே யார் யாரிடம் சொன்னது, பாடியவர் யார் என்று குறிப்பும் வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் மட்டும் இல்லையென்றால் பல பாடல்களில் பேசுவது தலைவியா தோழியா என்று நாம் இன்றைக்கும் தடுமாறிக்கொண்டிருப்போம்.

தொகுத்தவர்களை நாம் கவிஞர்களாக நினைப்பதில்லை. அவர்களுக்குச் சிலையும் இல்லை. ஆனால் கபிலரும் பரணரும் நம் கைக்கு வந்தது அவர்கள் அடுக்கி வைத்ததால்.

*

ஒரு பொருளுக்கு ஓரிடம் என்ற விதியை நவீன காலத்தில் நேருக்கு நேர் எதிர்கொண்டவர் ஒரு தமிழர்தான். எஸ்.ஆர். ரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவரை 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமித்தார்கள். சில நாள்களிலேயே சலித்துப்போய், பழைய வேலையையே திருப்பிக் கொடுங்கள் என்று கல்லூரிக்குப் போய் நின்றார் என்று சொல்வார்கள். ஆனால் பயிற்சிக்காக அவரை லண்டன் அனுப்பினார்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார்.

அப்போது நூலகங்களில் பரவலாக இருந்தது 1876-இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. உலக அறிவைப் பத்தாகப் பிரி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரி. பெட்டிக்குள் பெட்டி. என் ‘டெஸ்க்டாப் லாமா’ மாதிரி, கொஞ்சம் ஒழுங்கோடு. அதில் எல்லாப் பெட்டிகளையும் முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று துறைகளைத் தொடுகிற புத்தகம் வந்தால் தடுமாற்றம்தான்.

ரங்கநாதனுக்கு விடை கிடைத்தது லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில். மெக்கானோ என்ற பொம்மை. துளையிட்ட உலோகப் பட்டைகள், ஆணிகள், திருகுகள். அதே துண்டுகளை வைத்துப் பாலமும் கட்டலாம், வண்டியும் கட்டலாம். அவர் யோசித்தார். புத்தகங்களுக்கு முடிந்துபோன பெட்டிகளை ஏன் தர வேண்டும்? துண்டுகளைத் தருவோம். புத்தகம் வரும்போது பூட்டிக்கொள்ளலாம்.

1933-இல் அவருடைய கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. எந்தப் பொருளையும் ஐந்து கேள்விகளாகப் பிரிக்கலாம் என்ற இடத்துக்கு அவர் படிப்படியாக வந்து சேர்ந்தார். எதைப் பற்றியது? அதன் கூறு அல்லது தன்மை என்ன? அதற்கு என்ன நடக்கிறது? எங்கே? எப்போது? இந்தியாவில் 1950-இல் நுரையீரல் காசநோயை எக்ஸ்ரே கொண்டு குணப்படுத்துவது பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மருத்துவம் என்ற ஒற்றைப் பெட்டியில் தள்ள வேண்டாம். நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, ஆய்வு, இந்தியா, 1950 என்று துண்டு துண்டாக எழுதிப் பூட்டிவிடலாம். பூட்டுவதற்கு அவர் பயன்படுத்திய திருகாணி முக்காற்புள்ளி. ஆங்கிலத்தில் கோலன். முறைக்குப் பெயர் வந்ததே அதனால்தான். பிற்காலப் பதிப்புகளில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்ந்துகொண்டன.

அலமாரியில் புத்தகம் ஓரிடத்தில்தான் இருக்கும். அதை அவரால் மாற்ற முடியாது. ஆனால் அட்டவணையில் அந்தப் புத்தகத்துக்கு எத்தனை வாசல் வேண்டுமானாலும் வைக்கலாம். இன்றைக்கு இணையக் கடையில் சட்டை வாங்கும்போது நிறம், அளவு, விலை என்று ஒவ்வொன்றாகச் சொடுக்கி வடிகட்டுகிறோமே, அந்தச் சிந்தனையின் மூதாதையர்களில் ஒருவர் இந்தச் சீர்காழிக்காரர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது. 1,143 பிடிஎஃப்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அன்றிரவே ஒரு கோப்புக்கு ரங்கநாதன் பாணியில் பெயர் வைத்துப் பார்க்க ஆசை வந்தது. ‘சம்பளம்’ என்று தட்டி முக்காற்புள்ளி போட்டேன். விண்டோஸ் மறுத்துவிட்டது. கோப்புப் பெயரில் ஒன்பது குறிகளுக்கு அனுமதி இல்லை. அதில் ஒன்று முக்காற்புள்ளி. காரணம் பழையது. டாஸ் காலத்திலிருந்தே ‘சி’ என்ற எழுத்தை அடுத்து வரும் முக்காற்புள்ளி வட்டின் பெயரைக் குறிக்கிறது. அதாவது அந்தக் குறி ‘எங்கே’ என்ற கேள்விக்கு மட்டும் ஒதுக்கப்பட்டுவிட்டது. ‘என்ன, யார், எப்போது’ என்று கேட்க ரங்கநாதன் பயன்படுத்திய குறிக்கு என் டெஸ்க்டாப்பில் இடமில்லை. சிரிப்புதான் வந்தது.

அடிக்கோடு போட்டுக்கொண்டேன். அதற்குத் தடை இல்லை.

*

ஆனால் என் பிரச்சினை இதோடு தீரவில்லை. பாட்டியின் கோப்புக்குப் பெயர் வைத்திருந்தாலும் எந்தப் பெயரை வைத்திருப்பேன்? மூன்று எழுத்துக்கூட்டல்களில் எதை?

மலாயாத் தோட்டங்களில் ஆள்களை அடுக்கும் முறை ஒன்று இருந்தது. செக்ரோல். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுப்பார்கள். யார் வந்தார், யார் வரவில்லை, எந்த நிரையில் பால் வெட்டினார் என்பதெல்லாம் கிராணியின் புத்தகத்தில் ஏறும். சம்பளம் அதைப் பார்த்துத்தான். அந்தப் புத்தகம் ரோமன் எழுத்தில் இருந்தது. பெயருக்கு உரியவருக்கு அது படிக்கத் தெரியாது. எழுதுகிறவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படிப் பெயர் விழுந்தது. தோட்டம் மாறினால், கிராணி மாறினால், எழுத்தும் மாறியது. ழகரமும் ளகரமும் லகரமும் ஒரே எழுத்தாயின. நெடில் சில தாளில் இரட்டித்தது, சில தாளில் ஒற்றையாகவே நின்றது.

தோட்டத்துக்குள் இருந்தவரை இதனால் பெரிய கஷ்டமில்லை. பெரட்டுக் களத்தில் கூப்பிட்டால் ஆள் வந்து நிற்கும், முகம் தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் மூவார் மாதிரி ஊர்களுக்கு நகர்ந்த பிறகுதான் கஷ்டம். முகம் தெரிந்த இடத்திலிருந்து தாள் மட்டும் பேசுகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். தாள்களோ ஒன்றையொன்று தெரியாது என்று சொல்கின்றன. மலேசியத் தமிழர் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். சேமநிதிப் பணமோ நிலப் பத்திரமோ, ஏதோ ஒன்று ஓர் எழுத்தினால் நின்றுபோன கதை அநேகமாக இருக்கும்.

நூலகர்களுக்கு இந்தப் பிரச்சினை பழக்கமானது. ஒரே எழுத்தாளருக்கு இயற்பெயர், புனைபெயர், நாலு விதமான எழுத்துக்கூட்டல் இருக்கும். அதற்காக அட்டவணையில் ஒரு தனிச் சீட்டு வைப்பார்கள். அதில் புத்தகம் எதுவும் இருக்காது. ‘இந்தப் பெயரில் தேடி வந்தவர் அந்தப் பெயரில் பார்க்கவும்’ என்று மட்டும் இருக்கும். 

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டியின் சும்பா கடிதம் அந்தச் சீட்டுதான். இந்தப் பெயரில் வந்தாலும், அந்தப் பெயரில் வந்தாலும், இன்னொன்றில் வந்தாலும் ஒரே ஆளிடம் வந்து சேருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், 1960-ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ், தன்னைத் தானே அட்டவணைப்படுத்திக்கொண்ட சீட்டு. கட்டை விரலால் ஒப்பமிட்டது. அதைத்தான் நான் எங்கோ ‘ஸ்கேன்’ என்றோ ‘புதியது’ என்றோ பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறேன்.

*

சிவகங்கை மாவட்டம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். 1992-இல் அவர் இறந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே அதற்கு ஒரு நூலகம் அமைய வழி செய்தது. 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.

அந்த நூலகத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், சேர்த்த மனிதரைத்தான் வியந்திருக்கிறேன். இந்த முறை அடுத்து வந்தவர்களையும் நினைத்தேன். ஒவ்வொரு தாளையும் எடுத்து, தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, அச்சகம் என்று பதிந்து, நுண்படம் எடுத்து வைத்தவர்கள். சேர்த்தவருக்குத் தன் வீட்டில் எது எங்கே என்று தெரிந்திருக்கும். அவர் போன மறுநாள் அந்த அறிவும் போய்விடுகிறது. அதை மறுபடி தாளில் ஏற்ற வேறு யாரோ வருடக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது.

பாட்டியின் தகரப் பெட்டியும் அப்படித்தான். நாலாக மடித்தது எது, சிவப்பு நூல் சுற்றியது எது என்பது அவருடைய விரல்களில் இருந்தது. அவர் உயிரோடு இருக்கும்வரை அது எந்தக் கணினியையும்விட நல்ல ஒழுங்கு. நாங்கள் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

மூன்றாவது இரவு, ஒருவழியாக மூளை வேலை செய்தது. பெயரால் தேட முடியாது, பெயரே வைக்கவில்லை. உள்ளிருக்கும் சொல்லால் தேட முடியாது. ஸ்கேன் என்பது படம், கணினிக்கு அதில் எழுத்து தெரியவில்லை. தேதியால் தேட முடியாது. வாட்ஸ்அப்பில் போய் வந்து, வட்டு மாறி, தேதியெல்லாம் குழம்பிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். நீளம். ஒரே ஒரு பக்கம், வண்ண ஸ்கேன். எப்படியும் 300 கிலோபைட்டுக்கு மேல், 2 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். எல்லா பிடிஎஃப்களையும் ஒரே பட்டியலில் கொட்டி, அளவு வாரியாக அடுக்கினேன். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு. நடுவிலிருந்த இருநூற்றுச் சொச்சத்தைச் சின்னப் படங்களாக மாற்றி வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

நள்ளிரவு ஒன்றரை மணிக்கு அந்த ஊதா நிறக் கட்டை விரல் வந்தது. கோப்பின் பெயர் ‘டாக் 1 (4)’.

உடனே பெயர் மாற்றினேன். ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். அப்படி எழுதினால்தான் கணினி அகர வரிசையில் அடுக்கும்போது கால வரிசையும் தானாக வரும். 1988-இல் வந்த சர்வதேசத் தர விதியும் அதையே சொல்கிறது. அடுத்து பாட்டியின் பெயர், மூன்று எழுத்துக்கூட்டலிலும், அடிக்கோடு போட்டு. அதை அடுத்துத் தமிழில். பிறகு, சத்தியப் பிரமாணம், வீடு, மூவார். பெயர் அசிங்கமாக நீளமாக இருக்கிறது. டாஸ் காலத்தில் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். அந்த நெருக்கடி நமக்கு இல்லை. இருக்கிற இடத்தைப் பயன்படுத்தலாம்.

அதன்பிறகு வந்த வார இறுதிகளில் மீதியையும் பார்த்தேன். முழுக்க அல்ல. மின்னூல்களும் சினிமாப் பாட்டும் எப்படியோ கிடந்துவிட்டுப் போகட்டும், மறுபடி இறக்கிக்கொள்ளலாம். உலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாதவை மட்டும் எவையென்று பிரித்தேன். 1,143-இல் 61 தேறின. அந்த 61-க்கும் பெயர் வைத்து, மூன்று இடத்தில் நகல் வைத்து, பட்டியலை ஒரு தாளில் அச்சடித்துத் தகரப் பெட்டியின் மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். பெட்டி துருப்பிடித்திருக்கிறது. ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடம் அதுதான்.

அலுவலகத்தில் நகலை வாங்கிக்கொண்டார்கள். விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

பட்டியல் ஒட்டிய அன்று அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். தன் பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். உள்ளே போய் அடையாள அட்டையையும், கல்யாணப் பதிவுத் தாளையும் எடுத்து வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“என்னுதுலயும் ஓர் எழுத்து இடிக்குதுய்யா” என்றார். “நான் இருக்கும்போதே ஒரு சும்பா போட்டு வச்சிருவோம்.”